பின்னோக்கி நடந்து வாரிய மணல்

ஜெர்மன்காரர்கள் எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த அந்த வருடங்களில் நான் பம்பு வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை, மாலையில் கீழே அல்வீனேயின் அடுப்படி. பம்பைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷனைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. மில்லிலிருந்து மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டாரை ஓட்டி, ஊர்த் தொட்டியை நிரப்பி, எண்ணெய் போட்டு, கசிகிற இடத்தில் சணல் சுற்றிக் கட்டி, அவள் அந்தப் பம்பை இழுத்துக்கொண்டு போனாள். ஓட்டினாள் என்று சொன்னால் பொருந்தாது. இழுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் வரும்வரைதான் அவளுக்கு அந்த ஊரில் இடம். பம்புக்காரி என்ற சீட்டு கையில் இல்லையென்றால் ஜெர்மனியில் ஏதாவது தொழிற்சாலைக்கு ரயிலேற வேண்டியதுதான். எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் அப்படிப் போயிருந்தார்கள். சந்தைத் தெருக் குழாயில் வரிசை பாதியாகக் குறைந்துபோயிருந்தது. அங்கே வாளி தூக்கிய யூதர்கள் என்ன ஆனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வீடுகளில் இப்போது வேறு திரைச்சீலைகள் தொங்கின.

நாற்பத்து மூன்றாம் வருடக் கோடையில், போருக்காக வெண்கலம், செம்பு எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கதவுக் கைப்பிடி, தேநீர்த் தண்ணீர் கொதிக்கிற சமோவார், தேவாலயத்துச் சின்ன மணி எல்லாம் போயின. பம்பு அறையில் மாற்று வால்வுகள் ஒரு ஜோடி இருந்தன, நல்ல கனத்த வெண்கலம். ஓடிக்கொண்டிருந்தவை விளிம்பு தேய்ந்து மழுங்கிவிட்டன. இன்னொரு குளிர்காலம் தாங்குமா என்பதே சந்தேகம். மாற்று ஜோடியையும் கொடுத்துவிட்டால் பம்பு நிற்கிற அன்று அல்வீனேயின் கதையும் நின்றுவிடும். ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். ஏதோ முடிவெடுத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் ஊரில் கோடை முடிகிற நேரத்தில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை ஊரே வாளியில் ஆற்று வெள்ளை மணலைச் சுமந்துகொண்டு இடுகாட்டுக்குப் போகும். சொந்தக்காரர்களின் கல்லறையில் களை பிடுங்கி, புது மணல் பரப்பி, மரப்பல் வைத்த வாருகோலால் கோடு இழுத்து, பின்னோக்கி நடந்தே வெளியே வரவேண்டும். கடைசிக் காலடியையும் வாருகோல் அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோடு உண்டு. சிலருக்கு அலை, சிலருக்குக் கட்டம். அல்வீனே வீட்டுக்கு ஃபிர் மரக் கிளை மாதிரி, நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகள்.

மாலையில் எல்லாரும் சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் அதைத் தவறவிடுகிறவர் இல்லை. வெயில் இன்னும் இருந்தது, இடுகாடு காலியாக இருந்தது. அல்வீனே வாளியின் அடியில் வால்வுகளை வைத்து, மேலே மணல் கொட்டி எடுத்துப் போனாள். அவள் தேர்ந்தெடுத்தது ஓட்டீலியாவின் கல்லறை. ஓட்டீலியாவின் புருஷன் ஆகுஸ்ட்ஸையும் பிள்ளைகளையும் ஜெர்மன்காரர்களுக்கு முன்னால் ரஷ்யர்கள் இருந்த காலத்தில் ஒரு ஜூன் மாதம் நாடுகடத்தி ரயிலேற்றிவிட்டார்கள். அதன்பிறகு அந்தக் கல்லறைக்கு யாரும் வந்ததில்லை. புல் முழங்கால் உயரம் நின்றது. ஓட்டீலியாவுக்கு ஹெர்மீனே என்று ஒரு அக்கா உண்டு. ஆனால் அடக்கத்தன்று ஆகுஸ்ட்ஸோடு ஏதோ வாய்ச்சண்டை வந்து, அவர் "இந்தப் பக்கம் வராதே" என்று சொல்ல, அந்த அம்மாளும் ரோஷத்தில் வராமலேயே இருந்துவிட்டாள்.

அல்வீனே தோண்டினாள், புதைத்தாள், மூடினாள். அப்படியே வந்திருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் மூடிய இடம் அலங்கோலமாகக் கிடந்தது. கை சும்மா இருக்கவில்லை. புல்லைப் பிடுங்கினாள், மணலைப் பரப்பினாள், வாருகோலை எடுத்து ஃபிர் கிளை போட்டு, பின்னோக்கி நடந்து வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் இருட்டாகியிருந்தது.

மறுநாள் பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எல்லார் கண்ணும் அந்தக் கல்லறை மேல்தான். ஆளில்லாத வீட்டு மணல் புத்தம்புதிதாக வாரியிருக்கிறது. யாரோ திரும்பி வந்து எங்கோ ஒளிந்திருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் அல்வீனே வாரியிருக்கிறாள் என்று மதியத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. திங்கட்கிழமை ஊர்ப் போலீஸ்காரர் ஸ்விர்புலிஸ் பம்பு வீட்டு வாசலில் தொப்பியோடு நின்றார். கோடு யார் வீட்டுக் கோடு என்று அவருக்கும் தெரியும்.

அல்வீனே மறைக்கவில்லை. நான்தான் வாரினேன் என்றாள். ஏன் என்று கேட்டார். கேட்பாரற்றுக் கிடக்கிறது, பார்க்கப் பொறுக்கவில்லை என்றாள்.

"அது ஒண்ணுதான் கேட்பாரில்லாம கெடக்குதா? ரெண்டு வரிசை கெடக்குதே."

"எல்லாத்தையும் வாரத்தான் போறேன் ஐயா. அங்கேர்ந்து ஆரம்பிச்சேன், அவ்வளவுதான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஸ்விர்புலிஸ் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். அல்வீனே பெஞ்சில் உட்கார்ந்து, "பம்பு ஒரு பக்கம் உயிரை வாங்குது, இனி செத்தவங்க வேற" என்றாள். நான் பார்லிக் காபியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தொடவில்லை.

அன்று மாலை ஆற்றங்கரைக் குழாயைத் திறந்துவிடப் போகும் வழியில் அவள் ஹெர்மீனேயின் முற்றத்தைப் பார்த்தாள். கொடியில் தலையணைகள், மெத்தை உறைகள், சின்னப் பிள்ளைகள் போர்த்துகிற இரண்டு போர்வைகள். ஹெர்மீனே வாசலில் நின்று அவற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அல்வீனே, நீயாத்தான் வாரினேன்னு சொன்னியாமே. யாரையோ காப்பாத்தத்தான சொன்ன? எங்கிட்ட மட்டும் சொல்லு. ஆகுஸ்ட்ஸ் வந்துட்டானா? பிள்ளைங்களும் வந்திருக்கா?"

இதை என்னிடம் சொல்லும்போது, அந்த இடத்தில் பொய் சொல்ல நாக்கு வரவில்லை என்றாள் அல்வீனே. வால்வு, வாளி, மணல், கைப்பழக்கம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஹெர்மீனே கொடிப் பக்கம் திரும்பினாள். போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.

"வெயில்ல போட்டது நல்லதுதான்டி. பூஞ்சை பிடிச்சிருந்துச்சு" என்றாள் கடைசியில்.

அடுத்த சனிக்கிழமை அல்வீனே இடுகாட்டுக்குப் போனபோது ஹெர்மீனே தன் வாருகோலோடு தங்கையின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ரோஷமெல்லாம் போய்விட்டதா என்று அல்வீனே கேட்கவில்லை. இருவரும் இரண்டு வரிசையையும் வாரினார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும். இலை உதிர்ந்த பிறகு வேலை இரட்டிப்பானது. குளியலறையில் வெந்நீர் ஆறிய பிறகுதான் அல்வீனே போய்ச் சேருவாள். ஸ்விர்புலிஸ் சில நாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். பனி விழுந்து எல்லாவற்றையும் மூடியபோது அவள் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

பிப்ரவரியில் வால்வு உடைந்தது. தச்சர் கருவேல மரத்தில் ஒன்று கடைந்து கொடுத்தார், அரை நாள் தாங்கியது. மருத்துவமனையாகிவிட்ட பள்ளிக்கூடத்தில் காயம்பட்ட ஜெர்மன் சிப்பாய்கள் பனியை உருக்கிக் குடித்தார்கள். ஜெர்மன் அதிகாரி ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் வரவேண்டும், இல்லாவிட்டால் பம்புக்கு வேறு ஆள், இவளுக்கு ரயில்.

வால்வு இருந்தது. ஆனால் அதன் மேல் மண் இரும்பாக உறைந்திருந்தது. அந்தக் குளிரில் குழி வெட்ட வேண்டுமென்றால் முதலில் விறகு அடுக்கித் தீ மூட்டி மண்ணை இளக்க வேண்டும். சாவு விழாமல் இடுகாட்டில் புகை எழுந்தால் ஊர் சும்மா விடுமா?

ஹெர்மீனேதான் வழி சொன்னாள். "எனக்குக் குழி வெட்டச் சொல்லு. தங்கச்சி பக்கத்துல."

"நீங்க நல்லாத்தான இருக்கீங்க அக்கா."

"அது யாருக்குடி தெரியும்?"

குழிவெட்டி ஃப்ரிட்சிஸிடம் அவளே போய்ச் சொன்னாள். மார்வலி, இந்த வாரம் தாண்டாது, உயிரோடிருக்கும்போதே இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஃப்ரிட்சிஸ் மீசையைத் துடைத்துக்கொண்டார். "செத்தவனோட சொந்தக்காரன்தான் என்னை அவசரப்படுத்துவான். சாகப்போறவளே வந்து அவசரப்படுத்துறது இப்பத்தான்."

தீ மூட்டினார்கள். மண் இளகியதும் ஃப்ரிட்சிஸ் ஒரு முழம் வெட்டிவிட்டு, கை விறைத்துப்போய், சவ அறைக்குள் சூடு பிடிக்கப் போனார். அல்வீனே மண்டியிட்டு, குழியோரம் இளகியிருந்த ஓட்டீலியா பக்கத்து மண்ணைத் தோண்டி வால்வுகளை வாளியில் போட்டாள். அந்த நேரம் பார்த்துப் புகையைக் கண்டு ஸ்விர்புலிஸ் வந்துகொண்டிருந்தார். ஹெர்மீனே வாளியைக் கவிழ்த்து வால்வுகளை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்து பாவாடையைப் பரப்பிக்கொண்டாள்.

ஸ்விர்புலிஸ் யாருக்குக் குழி என்று கேட்டார்.

"எனக்குத்தான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "பார்த்தா நல்லா இருக்கிற மாதிரி..."

"உள்ள எப்படி இருக்குன்னு உனக்கென்ன தெரியும் தம்பி? உட்காந்திருக்கிறதே பெரும்பாடு. எழுந்திருக்கச் சொல்லிடாதே."

அவர் சொல்லவில்லை. தீயில் கொஞ்சம் கையைச் சூடாக்கிக்கொண்டு போனார். ஃப்ரிட்சிஸ் திரும்பி வந்து மீதிக் குழியையும் வெட்டி முடித்தார். சனிக்கிழமை இரவு சந்தைத் தெருக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. அல்வீனே சிரிக்கவில்லை. பூட்ஸோடு பெஞ்சிலேயே தூங்கிப்போனாள்.

சிக்கல் அதோடு தீரவில்லை. சாகப்போகிற ஹெர்மீனே குழாயடிக்கு வாளி தூக்கி வரமுடியுமா? தினமும் அல்வீனேதான் இரண்டு வாளி கொண்டுபோய் வைத்தாள். ஹெர்மீனேயோ வீட்டுக்குள் அடைந்து கிடந்து சலித்து, தண்ணீர் கொண்டுவருகிறவளிடம் தண்ணீர் கலங்கல் என்று குறை சொன்னாள். ரொட்டிக் கடை வரிசையில் பெண்கள், வீடு தயாராகியும் குடிபோகாத அம்மா என்று அவளைக் கேலி பேசினார்கள். பனி உருகி ஏப்ரல் பிறந்ததும் ஃப்ரிட்சிஸ் வந்து குழியை மூடிவிடட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். இன்னும் நேரம் வரவில்லை, அதற்காக வராமலே போய்விடுமா என்று சொல்லி அனுப்பினாள் ஹெர்மீனே. மூடினால் பிழைத்துவிட்டாள் என்று ஆகும். எப்படிப் பிழைத்தாள் என்று கேட்பார்கள்.

ஆகவே குழி திறந்தே கிடந்தது. கிழக்கே பீரங்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்த கோடையிலும் சனிக்கிழமை தவறாமல் அல்வீனே தனியாக இரண்டு வரிசையையும் வாரினாள். நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் வருவார். ஓட்டீலியாவின் கல்லறைக்கு வரும்போது மட்டும், ஃபிர் கிளையைப் போட்டு முடித்துப் பின்னோக்கி நடக்கையில், ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பி, குழி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வாள்.