காப்பை அறுத்த நாள்

அம்மனை நம்பியிருக்கும் என் சொந்தங்களே, பெருமை பேச நான் எழுதவில்லை. நான் செய்த அசிங்கத்தைச் சொல்லாமல் அம்மன் செய்த உதவியைச் சொல்ல முடியாது. படிப்பவர்கள் என்னைத் திட்டினால் திட்டுங்கள்.

1998ஆம் வருஷம், சித்திரை மாதம். இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. ஆறு வருஷமாக நான்தான் கரகம் தூக்கினேன். மலையில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி நான். என் வாய்க்குப் பயந்தே ரப்பர் பால் வெட்டும் பெண்கள் தலைகுனிந்து வேலை செய்வார்கள். பிள்ளைத்தாய்ச்சி யாராவது இடுப்பு வலி என்று உட்கார்ந்தால், ஊரில் இல்லாத பிள்ளையா பெறப் போகிறாய் என்று கேட்பேன். கேட்டுவிட்டுச் சிரிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை கையில் காப்புக் கட்டினேன். மஞ்சள் தோய்த்த நூல். அதைக் கட்டியவன் கோயிலிலேயே தங்க வேண்டும். பிள்ளை பிறந்த வீடும் சாவு வீடும் தீட்டு, அங்கே போகக் கூடாது. என் மனைவி சாந்திக்கு அப்போது நிறைமாதம். எங்களுக்கு மூன்றாவது பிள்ளை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அலைய வேண்டாம் என்று தோட்டத்து மருத்துவிச்சி சொல்லியிருந்தார். எனக்கோ ஒரே பயம். பிள்ளையைப் பற்றிய பயம் இல்லை. திருவிழா நடுவில் பெற்றுவிட்டால் எனக்குத் தீட்டு வந்துவிடும், கரகம் வேறு ஆள் கைக்குப் போய்விடும் என்ற பயம். அம்மா வீட்டுக்குப் போ என்றேன். அவள் அம்மா வேறு தோட்டத்தில் இருந்தார். பஸ் ஏற மலை தாண்டிப் பெரிய ரோட்டுக்கு இறங்க வேண்டும்.

"பஸ் ஏத்திவிடவாவது வாங்களேன்" என்று கேட்டாள். காப்புக் கட்டினவனைக் கோயில் வாசலுக்கு வெளியே கூப்பிடுகிறாயா என்று கத்தினேன். பெரிய பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் விட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாள்.

பத்து பத்தரை இருக்கும். பந்தலுக்குக் குருத்தோலை கட்டிக்கொண்டிருந்தோம். கிராமத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பால் வெட்ட வரும் மெனிக்கே அக்கா ஓடி வந்தார். சிங்களப் பெண், ஐம்பது வயது இருக்கும். ஆறாம் நம்பர் மலையில் சாந்தி வலியோடு விழுந்து கிடக்கிறாள், பனிக்குடம் உடைந்துவிட்டது என்றார்.

நான் முதலில் பார்த்தது என் கைக் காப்பை.

யாராவது பொம்பளைகளை அனுப்புகிறேன் என்றேன். பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போய் மலையெங்கும் சிதறியிருந்தார்கள். பூசாரி மாமாவைப் பார்த்தேன். "போனா இந்த வருஷம் கரகம் தூக்க முடியாதுப்பா. நீயே யோசிச்சிக்க" என்றார். நான் யோசித்தேன். கால் மணி நேரம் இருக்கும். நின்று, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து யோசித்தேன். அந்தக் கால் மணி நேரத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. மெனிக்கே அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மல்லி, நீ வெச்ச புள்ள தானே? சாமிக்கு நான் பதில் சொல்றேன். எண்ட, எண்ட" என்றார். மல்லி என்றால் தம்பி, எண்ட என்றால் வா. என் கையைப் பிடித்து இழுத்தார். அப்படி இழுத்த பிறகுதான் போனேன். நானாகப் போகவில்லை.

ரப்பர் மரத்தடியில் சருகு மேல் கிடந்தாள். என்னைக் கண்டதும் அவள் சொன்னது இதுதான்: "நீங்க ஏன் வந்தீங்க? கையில காப்பு இருக்கே."

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிப் பிடிக்கச் சொன்னார் அக்கா. பிடித்தேன். என் இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் நான் வெளியே கூட்டாளிகளோடு குடித்துக்கொண்டிருந்தவன். அன்றுதான் பார்த்தேன். ஒரு உடம்பு அப்படிப் பிளக்கும் என்று எனக்குத் தெரியாது. பல்லைக் கடித்து அவள் முக்கிய சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. என் கையை நகத்தால் கிழித்தாள். கரகம் தூக்கித் தீ மிதித்தவன் நான். அந்த வலியில் கால்வாசி எனக்கு வந்திருந்தால் செத்திருப்பேன்.

பிள்ளை வந்தது. அழவில்லை. நீலமாக இருந்தது. சாந்திக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. தொப்புள்கொடியை உடனே கட்டி அறுக்க வேண்டும், நூல் ஏதாவது கொடு என்றார் அக்கா. என்னிடம் வேறு என்ன இருந்தது? காப்பைப் பல்லால் கடித்து அறுத்தேன். அந்த நூலால்தான் அக்கா கொடியைக் கட்டினார். பால் வெட்டும் கத்தியைத் தண்ணீரில் கழுவி அறுத்தார்.

கையெல்லாம் ரத்தம். அந்தக் கையோடு கும்பிட்டேன். "தாயே, ஒன் காப்பத்தான் அறுத்துட்டேன். தண்டனைய எனக்கு குடு. இவங்க ரெண்டு பேரையும் எனக்கு திருப்பிக் குடு" என்று கதறினேன். அதற்கு முன் எத்தனையோ முறை மந்திரம் சொல்லியிருக்கிறேன். வேண்டிக்கொண்டது அன்றுதான்.

அக்கா பிள்ளையின் வாயில் விரல் விட்டு வழித்து, கவிழ்த்து முதுகில் தட்டினார். முதலில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். பிறகு மலையே கேட்க அழுதாள். பெண் பிள்ளை. அதே நேரம் கீழ் ரோட்டில் பால் ஏற்ற வந்த டிராக்டர் சத்தம் கேட்டது. அது வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். அன்று ஏன் முன்னாலேயே வந்தது என்று டிரைவருக்கே சொல்லத் தெரியவில்லை. சாந்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இவர் இல்லை என்றார் டாக்டர். நான் யோசித்த கால் மணி நேரத்தை அப்போது எண்ணிப் பார்த்தேன்.

பிள்ளையைக் காப்பாற்றியது மெனிக்கே அக்காவின் கை என்று சிலர் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அம்மன் அனுப்பாமல் அவர் அந்த நேரத்தில் அந்த மலைக்கு எப்படி வந்தார்? தீட்டு என்று நான் ஒதுங்கி நின்ற இடத்துக்கு என் தாய் எனக்கு முன்பே போய் நின்றாள்.

அந்த வருஷம் கரகத்தை வேறு ஒருவர் தூக்கினார். நான் தண்ணீர் விழும் பீலியடியில் சாந்தியின் ரத்தத் துணியைத் துவைத்தேன். ஆம்பிளை துவைக்கிறான் என்று லயத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். குடியை விட்டேன். மலையில் பிள்ளைத்தாய்ச்சிகளிடம் வாயைக் கொடுப்பதில்லை. என்னிடம் திட்டு வாங்கிய பெண்களிடம் லயம் லயமாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். சிலர் மன்னித்தார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். அவள் செய்தது சரி.

இப்போது 2009. மகளுக்குப் பதினோரு வயது. போன மாதம் தான் பிறந்த கதையைக் கேட்டாள். சொன்னேன். "அம்மாவுக்கு வலின்னதும் ஓடி வந்தீங்களாப்பா?" என்றாள். சாந்தி அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நான் பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா. யோசிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

சொந்தங்களே, கை சுத்தமாகட்டும், பிறகு அம்மனைக் கூப்பிடலாம் என்று நிற்காதீர்கள். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே அவளைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஒருத்தி வலியோடு உங்களைக் கூப்பிட்டால், யோசிக்காமல் ஓடுங்கள்.