இரண்டு வண்டிக்கும் ஒரே பெஞ்சு

இந்தோனேசியாவின் செமாராங் நகரில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கூரியர் ஆபீசுக்கு எதிரே ஒரு பெரிய வாதாம் மரம் இருக்கிறது. அதன் அடியில்தான் என் தையல் மிஷின். ஜீன்ஸ் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என் பிழைப்பு. மரத்தின் இந்தப் பக்கம் வார்தினி அக்காவின் சாப்பாட்டு வண்டி. அந்தப் பக்கம் காஸ்வாடி அண்ணனின் தாவெத் வண்டி. தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றி, புழு மாதிரி நெளிந்த பச்சை அரிசிமாவுத் துண்டுகள் மிதக்க, ஐஸ் போட்டுத் தருவார். நடுவில் ஒரே ஒரு பெஞ்சு. சாப்பிடுகிறவர்களும் அதில்தான், குடிக்கிறவர்களும் அதில்தான்.

அக்காவும் அண்ணனும் ஒரு காலத்தில் புருஷன் பெண்டாட்டி. பிரிந்த பிறகும் பக்கத்துப் பக்கத்திலேயே கடை போட்டிருந்தார்கள். பார்க்கிங் பார்க்கும் கியாந்தோவிடம் பேசி இடம் பிடித்தது அண்ணன். வண்டி வாங்கியது அக்கா. இடத்தை விட அவருக்கு மனசில்லை, வண்டியை நகர்த்த இவளுக்கு மனசில்லை. அவர் மட்டும் வேறு வண்டி வாங்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டார்.

எதனால் பிரிந்தார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "குருவி" என்பாள் அக்கா. கோர்ட்டிலும் அதைத்தான் சொன்னாளாம். அண்ணனுக்குப் பாடும் குருவி என்றால் பைத்தியம். அக்கா விடியற்காலையில் சந்தைக்குப் போய் முட்டைக்கோசும் முளைப்பயறும் ஏற்றி வருகிற மோட்டார் சைக்கிளை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்று, நீள வால் குருவி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். போட்டியில் ஜெயித்தால் மூன்று மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று கணக்கு. போட்டி அன்று மைதானத்தில் அத்தனை குருவிகளும் பாடின. இவருடையது கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா அதற்குப் பிறகு ஒரு மாதம் தலையில் கூடை சுமந்து நடந்தாள். அப்புறம் கோர்ட்டுக்குப் போனாள்.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. பேச வேண்டியது வந்தால் சாப்பிட வந்தவர்கள் வழியாகத்தான்.

"தம்பி, அந்த ஆளுகிட்ட சொல்லு, ஐஸ் தண்ணி என் அடுப்புப் பக்கமா வழியுதுன்னு."

கூரியர் பையன் வாயில் சோற்றுக்கட்டியோடு திரும்புவான். "அண்ணே, தண்ணி…"

"கேட்டுச்சு. மேடு அங்க இருக்கா இங்க இருக்கான்னு தண்ணிகிட்ட கேக்கச் சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவே ஆறடி இருந்தால் அதிகம்.

அக்காவின் கடைக்குக் கூட்டம் வருவதற்கு அவள் கை ருசிதான் காரணம். தட்டு தட்டாக அப்போதைக்கு அப்போது அரைப்பாள். குழிவான கல்தட்டில் பூண்டையும் மிளகாயையும் நசுக்கி, வறுத்த வேர்க்கடலை போட்டு, கறுப்பான இறால் விழுதும் இனிப்பு சோயாவும் விட்டுக் குழவியால் சுழற்றுவாள். இலையில் வெந்த சோற்றுக்கட்டியை வெட்டிப் போட்டு, மேலே பொரித்த டோஃபு, இறால் வடை, பச்சை முட்டைக்கோசு, ஒரு முட்டை. அதன் தலையில் அந்தக் கடலைக் குழம்பு. மதிய வெயிலில் நெற்றி வேர்க்கச் சாப்பிட்டுவிட்டு, நேரே அந்தப் பக்கம் திரும்பித் தாவெத் வாங்குவார்கள். அவள் காரம் போடப் போட இவருக்கு வியாபாரம். "அக்கா, அண்ணன் உனக்குக் கமிஷன் தர்றாரா?" என்று கியாந்தோ விசிலைக் கடித்தபடி கேட்பான். "உனக்கு இன்னிக்கு ரெண்டு மிளகாய் கூட" என்பாள் அவள்.

அண்ணன் மட்டும் அவளிடம் சாப்பிட்டதில்லை. மதியம் ஆனதும் சாலையைக் கடந்து எதிர்ச்சாரியில் பொட்டலச் சோறு வாங்கி வருவார். அதை வண்டிக்குப் பின்னால், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார்.

போன வருஷம், மழைக்காலம் தொடங்கும் சமயம், அக்காவுக்குக் கை வெந்தது. நல்ல மதிய நேரம். பெஞ்சு நிறைய ஆள், நின்றுகொண்டு நாலைந்து பேர். அவசரத்தில் ஈர டோஃபுவை அப்படியே எண்ணெயில் விட்டாள். எண்ணெய் சீறி வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் வரை அடித்தது. அவள் கத்தவில்லை. கரண்டி கீழே விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது.

நான் எழுந்திருப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டார். அவளைத் தோளோடு பிடித்து இழுத்துப்போய், தன் வண்டியில் வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தைத் திறந்து கையின் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். கியாந்தோ எங்கிருந்தோ பற்பசையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னடா அது?"

"பேஸ்ட்டுண்ணே. தடவினா எரிச்சல் அடங்கும்."

"அவ என்ன கையால பல்லு விளக்கப் போறாளா? தூரப் போடு. போய் உன் வண்டியை ஸ்டார்ட் பண்ணு!"

அழுதுகொண்டிருந்த அக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையுமாகவே கியாந்தோவின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். அண்ணன் பின்னால் உட்கார்ந்து அவள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நான் அடுப்பை அணைத்தேன். சாப்பிட்டவர்கள் தாங்களே காசை டப்பாவில் போட்டுவிட்டு, தட்டுகளையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வழக்கமான நேரத்துக்கு வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் அண்ணன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அக்கா பின்னால் நடந்து வந்தாள்.

"நான் கூப்பிடல, ரூமி" என்றாள் என்னிடம், நான் கேட்காமலேயே. "அந்த ஆளே வந்து தள்ளிக்கிட்டு வந்துட்டான். தெருவுல நின்னு சண்டை போட முடியுமா?"

தாவெத் வண்டியைக் கியாந்தோ பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு கிளாஸிலும் பாகைக் கூடுதலாக ஊற்றினான். அண்ணன் அக்காவின் கல்தட்டுக்கு முன் நின்றார். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என் வழியாக வேலை வாங்கினாள்.

"ரூமி, அந்த ஆளுகிட்ட சொல்லு, குழவியை இடிக்கக் கூடாது, சுத்தணும்."

"அண்ணே, சுத்தணுமாம்."

"சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு."

"அது சுத்துறதா? கல்யாண வீட்டுல மேளம் அடிக்கிற மாதிரி இருக்கு!"

நான் ஒரு பேண்ட்டின் ஓரத்தைக் கோணலாகத் தைத்துவிட்டேன். பெஞ்சில் தட்டுக்காகக் காத்திருந்தவர்கள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அடுத்த தட்டுக்கு எடுத்ததும் கடலையை அள்ளிக் கொட்டினார். அக்கா முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"ஏங்க! பூண்டை முதல்ல போடுங்க!"

அண்ணன் குழவியைப் பிடித்தபடியே நின்றார். கூரியர் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனின் தொடையில் மெதுவாகத் தட்டினான். அக்கா முகம் சிவந்து, எங்களைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தாள்.

"போட்டுட்டேம்மா" என்றார் அண்ணன், கடலையை ஒதுக்கிவிட்டுப் பூண்டை எடுத்துக்கொண்டே.

அதன் பிறகு நடுவில் ஆள் வைத்துப் பேசவில்லை. அவள் நேரடியாகத் திட்டினாள், அவர் நேரடியாகப் பதில் சொன்னார். குழம்பு முதல் வாரம் சகிக்கவில்லை. யாரும் வராமல் இருக்கவில்லை. இரண்டாவது வாரம் பரவாயில்லை. மதியக் கூட்டம் குறைந்ததும் அண்ணன் ஒரு தட்டு தனக்கென்று அரைத்துக்கொண்டு, பெஞ்சிலேயே, எங்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா ஒருநாள். "அரைச்சவன் கை சரியில்ல" என்றார் அவர்.

கட்டுப் பிரித்தாயிற்று. புதுத்தோல் ரோஸ் நிறத்தில் சுருங்கியிருந்தது. அண்ணன் தன் வண்டிக்குத் திரும்பினார்.

ஜனவரியில் ஒருநாள் கடல் தண்ணீர் சாலைக்கு ஏறி வந்திருந்தது. எங்களுக்கு அது புதிதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலைப் பெஞ்சின் குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். அண்ணன் கணுக்கால் தண்ணீரில் நடந்து வந்து அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"வார்தினி, மறுபடியும் ஒண்ணா இருப்போமா?"

அவள் வடையைத் திருப்பிப் போட்டாள். "சாப்பிடுறவங்க முன்னாடி கேக்குற கேள்வியா இது?"

"நாங்க ஒண்ணும் கேக்கலக்கா, சாப்பிடுறோம்" என்றான் பெஞ்சிலிருந்து ஒருவன்.

"குருவி?" என்றாள் அக்கா.

"எதுவும் இல்ல. ஒரு புறா இருக்கு, ஒருத்தர் சும்மா குடுத்தாரு. அது வாயே தொறக்காது."

"அப்ப வீட்டுல எனக்குப் போட்டி இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சரி என்று அவள் சொல்லவில்லை. அண்ணனும் தன் வண்டிக்குத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் வண்டியைத் துடைத்துவிட்டு என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒரு பட்டனை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கை வெந்த அன்னிக்கு அவரு என்னைத் திட்டவே இல்ல, கவனிச்சியா ரூமி? என் அம்மாவா இருந்தாகூட, கண்ணு எங்கடி வச்சிருந்தேன்னுதான் முதல்ல கேட்டிருப்பா."

"நீங்க அவரை எவ்வளவு திட்டினீங்க."

"அது வேற" என்றாள். பிறகு, "பயமா இருக்கு. இந்த வயசுல மறுபடியும் ஏமாந்தா ஊரு சிரிக்கும்."

"ஊரு அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்கு. அது எப்பவோ சம்மதம் சொல்லிடுச்சு."

அவள் பட்டனை என் டப்பாவில் போட்டுவிட்டு எழுந்து, நேராக அந்தப் பக்கம் போனாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் கையிலிருந்த அகப்பை தேங்காய்ப் பாலுக்குள் விழுந்ததை மட்டும் பார்த்தேன்.

நோன்பு மாதம் தொடங்கும் முன் நிக்காஹ் வைத்தார்கள். புர்வோடாடியிலிருந்து அக்காவின் தம்பி வந்து பொறுப்பேற்று நடத்திக் கொடுத்தான். மதியச் சாப்பாடு அவள் வீட்டுச் சந்திலேயே. அக்கா முன்பே கறாராகச் சொல்லிவிட்டாள்: "அன்னிக்கு நான் அடுப்புப் பக்கமே வரமாட்டேன்." அண்ணன் இரண்டு வண்டிகளை வாடகைக்குப் பேசி வந்தார். ஒன்றில் மாட்டிறைச்சி உருண்டை சூப், இன்னொன்றில் குச்சியில் கோத்துச் சுட்ட ஆட்டுக்கறி சாத்தே. கியாந்தோ மோட்டார் சைக்கிள்களை வரிசைப்படுத்த விசில் ஊதிக்கொண்டே இருந்தான். யாரும் பார்க்கிங் காசு கொடுக்கவில்லை.

அக்கா பச்சைக் கெபாயாச் சட்டை அணிந்து, கொண்டையில் மல்லிகை வைத்து, சூப் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள். கெபாயா மீது சிந்தாமல் இருக்க அண்ணன் அவள் மடியில் ஒரு துண்டை விரித்துவிட்டார்.

"சூப்புல பூண்டு பத்தல" என்றாள் வண்டிக்காரனிடம்.

"கல்யாணப் பொண்ணு சொன்னா சரிதாம்மா. இன்னொரு கிண்ணம் வேணாமா அப்ப?"

"வேணாம்னு யாருப்பா சொன்னது? நிறைய மிளகாய் போட்டுக் குடு" என்று கிண்ணத்தை நீட்டினாள்.