முகம் தெரிய ஒரு டிஸ்பிளே

அந்த அம்மா போனை ஒரு பனியன் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். பெயர் லெட்சுமி.

யுத்தம் கடைசியை நெருங்கிய காலம். நான் கண்டி டவுனில் ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலை செய்தேன். ரேடியோ, டிவி திருத்தி, பிறகு போனுக்கு வந்தவன். பெரிய படிப்பு இல்லை. முதலாளி முஸ்லிம் ஆள். எல்லோரும் அவரை நானா என்போம்.

துணியைப் பிரித்தேன். டிஸ்பிளே நொறுங்கி, உள்ளே மை கொட்டியது போல் கறுப்பு. பட்டனை அழுத்தினால் சத்தம் வந்தது. மற்றதெல்லாம் வேலை செய்தது.

"மகன் போனு தம்பி. கொழும்புல துணிக்கடையில நின்னான். விடியக்காலையில ஆமி வந்து அவன் தங்குன போர்டிங்க சுத்தி வளைச்சிருக்காங்க. கொஞ்சப் பேர ஏத்திட்டுப் போனாங்களாம். மத்தவங்க திரும்பிட்டாங்க. இவன் வரல."

போர்டிங்கில் மகனோடு இருந்த பையன் இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அந்தக் களேபரத்தில் யாரோ மிதித்துவிட்டார்கள்.

"யாருக்கும் கோல் எடுக்கணுமா?" என்றேன்.

"இல்ல தம்பி. காணாமப் போனவங்கள எழுதுற ஆபீசுல போட்டோ கேக்குறாங்க. எங்கிட்ட அவன் சின்னப்புள்ளையில எடுத்ததுதான் இருக்கு. மீசை மொளச்ச மூஞ்சிக்கு நான் எங்க போவேன்? இதுக்குள்ள கெடக்கும். எடுத்துக் குடுங்க."

அடையாள அட்டை மகனோடு போய்விட்டது. வேறு படம் கிடையாது.

இந்த மொடலில் ஒரு தொல்லை உண்டு. கவர் ஒன்று, நம்பர் ஒன்று. உள்ளே டிஸ்பிளே இரண்டு வகை. ஒன்றின் ஃபிளெக்ஸ், அதாவது போர்டில் செருகும் பட்டை வயர், அகலம்; மற்றதன் ஃபிளெக்ஸ் குறுகல். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கழற்றினேன். குறுகல் வகை. கண்டியில் வருவது எல்லாம் அகலம்.

டவுனில் தெரிந்த கடைகள் எல்லாம் கேட்டேன். இல்லை. இதற்குத் தம்பி மாதிரி அடுத்து வந்த மொடல் ஒன்றின் டிஸ்பிளே கனெக்டரில் சரியாக உட்கார்ந்தது. போட்டால் வெள்ளையாக எரிந்தது. படம் வரவில்லை. கனெக்டர் பொருந்தினால் டிஸ்பிளே பொருந்தியது என்று நினைக்கக் கூடாது.

கொழும்பு பிட்டகோட்டுவவில் பாட்ஸ் விற்கிற கடைக்கு நானா போன் போட்டார். போனைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால்தான் சொல்லலாம் என்றார்கள்.

"நான் போயிட்டு வாறேன் நானா."

"மாரி, உனக்கு மூளை ஈக்குதா? செக்பொயின்ட்ல கழட்டின போன், வயர், இதெல்லாம் எடுத்துக் காட்டுவியா? யாருட போன்னு கேட்டா என்ன சொல்லுவே? பொறகு ஒண்ட போட்டோவத் தேடி ஒண்ட பொஞ்சாதி இங்க வருவா."

அவர் சொன்னது சரி.

கடையில் ஒரு அலுமாரி இருந்தது. ஆள் வந்து எடுக்காத போன்கள் அதில் கிடக்கும். நாள் கடந்தால் பாட்ஸுக்குக் கழற்றுவோம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஆமிப் பையன்களின் போனை மட்டும் நானா தொட விடமாட்டார். "லீவு கெடைக்காம ஈக்கும். வருவான்" என்பார். அப்படி ஒரு போன், இதே மொடல், மேல் தட்டில் இருந்தது. குண்டசாலைப் பையன். கீபேட் மாற்றக் கொடுத்துவிட்டு வடக்குக்குப் போனவன்.

திறந்து பார்த்தேன். குறுகல் ஃபிளெக்ஸ்.

நானாவிடம் காட்டினேன். அவர் போனைப் பார்த்தார். வாசலில் குந்தியிருந்த லெட்சுமி அம்மாவைப் பார்த்தார்.

"கழட்டு. கீறல் விழாமப் பாத்துக்க. வேல முடிஞ்சா அதே எடத்துல போட்டு வை. அவனுக்கும் பெத்த உம்மா ஈக்கி."

ஸ்குரூ போடவில்லை. டிஸ்பிளேயை மகனின் போனில் வைத்து ரப்பர் பேண்டால் கட்டி, கனெக்டரை விரலால் அழுத்திப் பிடித்தேன். லைட் வந்தது. படமும் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

கடல். பஸ். கூட்டாளிகள் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். புதுச் சப்பாத்து. ஒரு சோற்றுப் பார்சல், முட்டையோடு.

"சோத்தப் போயி போட்டோ புடிச்சிருக்கான் பாருங்க, பைத்தியக்காரப் பய" என்று அம்மா சிரித்தார். "இவன் எங்க?"

இன்னும் தள்ளினேன். அவன் இல்லை. அந்தப் போனில் கேமரா பின்னால் மட்டும்தான். எடுத்தவன் அவன். எடுக்கப்பட்டவர்கள் மற்றவர்கள்.

கடைசிக்குக் கிட்ட ஒரு படம் இருந்தது. சலூன் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைத் தானே எடுத்திருக்கிறான். புதிதாக வெட்டிய முடி, நெற்றி, இரண்டு கண். மூக்குக்குக் கீழே போன் மறைத்திருந்தது.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு விரல் வலித்தது. எடுக்கவில்லை.

"மீசைதான் தெரியல" என்றார்.

படத்தைக் கடைக் கம்பியூட்டருக்கு அனுப்பி, பக்கத்து ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டோம். டிஸ்பிளேயைத் துடைத்து ஆமிப் பையனின் போனிலேயே மாட்டினேன். அந்தப் பையனும் கடைசிவரை வரவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு அம்மாவோடு நானும் போனேன். எழுதுகிறவர் யாழ்ப்பாணத்து ஐயா. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ அம்மா. முகம் பாதி மறைஞ்சு கிடக்கு. வேற படம் இல்லையோ?"

"கண்ணு தெரியுதில்ல ஐயா? அது அவன் கண்ணுதான்."

"ஓம், விளங்குது. ஆனா தேடுறவைக்கு அவனைத் தெரியாதே அம்மா."

ஐயா சின்ன வயதுப் படத்தையும் வாங்கி இரண்டையும் சேர்த்து வைத்தார்.

தகவல் ஒன்றும் வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் வரவில்லை. அம்மா டவுனுக்கு வந்தால் கடையில் எட்டிப் பார்ப்பார். தேத்தண்ணி குடிப்பார். போவார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிஸ்பிளே மாற்றினால் கேமராவிலும் ஒரு படம் எடுத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பலர் மேசையை எடுப்பார்கள், சுவரை எடுப்பார்கள். நான் போனின் சொந்தக்காரரையே எடுப்பேன்.

"என்னத்துக்குண்ணே நம்ம மூஞ்சி?" என்று கேட்பார்கள்.

"வீட்டுக்கு அனுப்பி வை. நேரா நில்லு. கையக் கீழ போடு."

சிரிப்பார்கள். பிறகு நேராக நிற்பார்கள்.