பெரிய எழுத்து

மன்றத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்துவிட்டால் போதும், சகாதேவனுக்குக் கை அரிக்கும். "வந்துட்டான்யா ஒரு கத்துக்குட்டி" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைப்பார். பகலெல்லாம் மரக்காணத்தில் உப்பு லாரிகளுக்கு எடை போடுகிற வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு, சுனாமிக்கு அடுத்த வருஷம் சரஸ்வதி திறந்த பிரௌசிங் சென்டரில், ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் சகாதேவன் இல்லை. 'செந்நெல்' இணைய மன்றத்தின் நடத்துனர் நெய்தல்வேந்தன். எடைமேடையில் கிளீனர்கூட அவர் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. மன்றத்தில் ஆயிரத்து இருநூறு பேர் 'தல' என்கிறார்கள். அடேங்கப்பா, மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த 'தல'தான் முதல் பரீட்சை. புதியவர் 'சார்' என்று கூப்பிட்டால் பட்டிக்காடு. சேர்ந்த அன்றைக்கே 'தல' என்றாலோ திமிர். எத்தனையாவது நாளிலிருந்து கூப்பிடலாம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டால், "அது தானா தெரியணும்பா" என்பார். வெறும் 'நன்றி' என்று பதில் போடக் கூடாது. அறிமுகப் பகுதியில் தன்னைப் பற்றிச் சொல்லாமல் கேள்வி கேட்கக் கூடாது. ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தால் எச்சரிக்கை. அதையும் கேப்பிட்டல் என்கிற பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவதாக அர்த்தம், உடனே தடை. இவரே சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் 'குட் மார்னிங்' போட்டு, மூத்தவர்களிடம் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். அதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். அன்றைக்கு வாங்கியதைத்தான் இன்றைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பந்தி வைக்கிறார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் ஒரு புதியவர் உள்ளே வந்தார். வணக்கம் இல்லை, அறிமுகம் இல்லை. ஆங்கில எழுத்து, அத்தனையும் பெரிய எழுத்து: 'என் தம்பி சவரிமுத்து ஷார்ஜாவுல கட்டட வேலை. மூணு மாசமா போன் இல்ல. யாராவது பாத்தா சொல்லுங்க.'

"என்னா கத்து கத்துது பாரு" என்று சிரித்தார் சகாதேவன். மன்றத்தில் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பவர்கள். அவர்கள் கண்ணில் படுவதற்குள் மடலை மன்றத்திலிருந்து தூக்கினார். 'புதியவரே, இது மீன் சந்தையன்று. கத்துவோர்க்கு இங்கே இடமில்லை' என்று செந்தமிழில் ஒரு போடு போட்டார். தடையும் விதித்துவிட்டு டீ சொன்னார்.

டீ வருவதற்குள், மூன்றாம் நம்பர் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "அக்கா, நான் எங்க கத்துனேன்? கத்துறேன்னு போட்டுத் தொரத்திட்டாங்க." பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து வரும் ஜான்சி. உப்பளத்தில் கூலி வேலை முடித்து, காலில் அப்பிய உப்போடு வந்து, ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் தட்டியிருக்கிறாள்.

சரஸ்வதி எழுந்திருக்காமலே சொன்னாள். "அந்த மிஷின்ல எல்லாம் பெருசாத்தாம்மா வரும். உப்புக் காத்துல அந்தப் பட்டன் அப்படியே புடிச்சிக்கிச்சு."

சகாதேவன் எழுந்து போனார். திரையில் அவருடைய மீன் சந்தை. "இரும்மா, நான் பாக்குறேன்" என்று குண்டூசியால் கேப்ஸ் லாக் பட்டனை நெம்பி, சட்டை நுனியால் உப்பைத் துடைத்தார்.

"இதைப் போட்டவன் யாருன்னு தெரியுமாண்ணா?" என்றாள் ஜான்சி. "மீன் சந்தைன்னு எழுதியிருக்கான். எங்கம்மா மீன் வித்துத்தான் தம்பிய ஷார்ஜாவுக்கு அனுப்பிச்சு."

"யாரோ வெளியூர்க்காரன்மா. அவங்க ரூல்ஸ் அப்படி."

திரும்பி வந்து, ஒன்றாம் நம்பர் மானிட்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். தூக்கிய மடலைத் திரும்பப் போட்டார். தடையை நீக்குவதென்றால் மன்றம் காரணம் கேட்கும். ஆயிரத்து இருநூறு பேரும் அதைப் படிப்பார்கள். தடையையும் நீக்கினார். காரணம் கேட்ட கட்டத்தில் நெய்தல்வேந்தன் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல் அடித்தார்: 'புதியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.'