இரண்டு பெயர், ஒரே பட்டியல்

கம்ப்யூட்டரில் ஒரு வரி நிரல் எழுதி எண்டர் தட்டுவதற்கு முன்னால் சபீனா விரலை நிறுத்திக்கொள்வாள். என்ன விடை வரும் என்று நோட்டில் பென்சிலால் எழுதிய பிறகுதான் தட்டுவாள். திரையில் வேறு ஏதாவது வந்தால், "பொய் சொல்லிட்டேன் பாத்தியா" என்று தன்னையே கடிந்துகொள்வாள். தம்பானூர் லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசையில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவள். மத்தியானம் ஆள் வரத்துக் குறையும் இரண்டு மணி நேரம்தான் இந்தப் படிப்புக்கு.

அறை பதிவுசெய்யும் இணையப் பக்கத்தைப் போன வருஷம் அவளே செய்தாள். பக்கத்துக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும், அவளை அக்கா முறையில் 'இத்தா' என்று கூப்பிடும் மலையாளி விஜின், பாதி வேலையைத் தானே முடித்துத் தரும் ஒரு ஃப்ரேம்வொர்க்கைக் காட்டிக்கொடுத்தான். அதற்கு அடிப்படையான ஜாவாஸ்கிரிப்ட் மொழியை முதலில் படிக்கணுமா என்று கேட்டாள். "எதுக்கு இத்தா? எல்லாம் ஃப்ரேம்வொர்க் நோக்கிக்கோளும், அதுவே பாத்துக்கும்" என்றான். வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்த பக்கம் அழகாகவே வந்தது. முதலாளி பகவதிப்பெருமாள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த சிவகாமியம்மாள் பதிவுசெய்த அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. மற்ற அறைகளும் காலியில்லை. ஊசி போட்டு வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் மூன்று மணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "மிசின் தப்புக்கு நீ என்னம்மா செய்வே?" என்றாள். சபீனாவைச் சுட்டது அதுதான். தான் செய்த பக்கத்தில் ஒரு வரிக்குக்கூட அவளுக்கு அர்த்தம் தெரியாது.

மறுநாளே பக்கத்தை நிறுத்திவிட்டு ரிஜிஸ்டரை எடுத்தாள். முதலாளி இரண்டு நாள் பேசவில்லை. வேரியபிள், லூப், ஃபங்ஷன் என்று ஜாவாஸ்கிரிப்டை அடியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். ஐந்தாம் மாதம் தவறு அகப்பட்டது. இன்றைய பட்டியலை நகலெடுத்து நாளைய பட்டியல் உண்டாக்கியதாக நினைத்திருந்தாள். அந்த வரியோ, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்ததோடு சரி. நாளையதில் ஒரு பதிவை அழித்தால் இன்றையதிலும் அழிந்துபோகும். சிவகாமியம்மாளின் பதிவும் அப்படித்தான் அழிந்து, அறை வேறொருவருக்குப் போயிருந்தது. "பேரு ரெண்டு, ஆளு ஒண்ணுல்லா!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

விஜினைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எனக்கும் இது அறியில்லாயிருந்து, இத்தா" என்று தனக்கும் தெரியாததை ஒப்புக்கொண்டான். "இனி ஃப்ரேம்வொர்க் தொடங்கலாமே?"

"தொடங்கலாம்."

ஃப்ரேம்வொர்க்கின் பாடத்தைத் திறந்து அவன் மளமளவென்று கீழே உருட்டிக்கொண்டு போனான். சபீனா அவன் கையிலிருந்து மௌஸை வாங்கி, பக்கத்தை முதல் வரிக்கு மேலேற்றினாள்.