ஆணித் துவக்கும் அரைப் போத்தல் மண்ணெண்ணெயும்

கடந்த புதன்கிழமை எங்கள் வீட்டுக் கூரை வேலை பாதியில் நின்றது.

மாரி வருமுன் ஓடு தாங்கும் சிலாகைகளை மாற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் பழைய ஓடுகள் அதிர்ந்து உடையும். மாற்று ஓட்டுக்கு எங்கே போவது? ஆகவே, சவூதியிலிருந்து வந்த மச்சான் விட்டுப்போன ஆணித் துவக்கை வெளியே எடுத்தேன். காற்றின் அழுத்தத்தில் ஆணி அடிக்கும் கருவி.

“அதின்ரை பேரை ஒழுங்கையிலை நிண்டு சொல்லாதைங்கோ” என்றாள் மனைவி. நியாயம்தான். யுத்த காலத்தில் தெருவில் துவக்கு என்றால் துப்பாக்கிதானே.

பொருளாதாரத் தடையில் ஊருக்குக் கரண்ட் ஏது? ரயர்க்கடைக்காரரின் காற்றடிக்கும் பம்பையும் தொட்டியையும் இரவல் வாங்கி, தண்ணீர் இறைக்கும் மெசினோடு பெல்ற் போட்டுப் பூட்டினோம். மெசின் மண்ணெண்ணெயில் ஓடும். கிளப்புவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோல் — கண்மருந்துப் போத்தலால். அதை விடும்போது வீட்டில் யாரும் மூச்சு விடுவதில்லை.

வேலைக்கு வந்தவர் குருநகர் மரியநாயகம் அண்ணை. வள்ளம் கட்டும் ஓடாவியார். கடலுக்குத் தடை... யாருக்கு வள்ளம் கட்டுவது? கூரைக்கு ஏறிவிட்டார். முதல் நாளே சொன்னார்:

“மாஸ்ரர், பின்னேரத்திலை தொட்டியின்ரை அடித் திருகைத் திறந்து, காத்திலையிருந்து தேங்கிற தண்ணியை வடிக்கோணும். இல்லாட்டி ஈரம் துவக்குக்குள்ளை போய்க் கறள் பிடிக்கும். காலமை ரெண்டு துளி தையல் மெசின் எண்ணெயும் விடோணும்.”

தண்ணீரை வடித்தால் காற்றும் போகுமே! காற்று என்றால் மண்ணெண்ணெய். கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் கால் கடுக்க நின்று வாங்கிய அரைப் போத்தல். நான் திருகைத் தொடவில்லை. இரவில் பாதிக் காற்று தானாகவே கசிந்துவிடும். மிச்சப் பாதிக்குத்தான் இந்தப் பாடு. தையல் மெசின் எண்ணெய் கிடைக்கவில்லை, தேங்காய் எண்ணெய் விட்டேன். படித்தவன் அல்லவா?

மூன்றாம் நாள் ஆணி உள்ளே சிக்கிவிட்டது. அண்ணை இறங்கி வந்து முற்றத்தில் குந்தினார்.

“குழாயைக் கழட்டிப்போட்டுத்தான் இதின்ரை வாயிலை கை வைக்கலாம்.”

எங்கள் குழாயோ சைக்கிள் ரியூப் கிழித்துக் கட்டியது. அவிழ்த்தால் தொட்டி முழுவதும் காலி.

“காத்து இருக்கட்டும் அண்ணை. குறட்டாலை மெல்ல இழுத்துப் பாருங்கோவன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவர் வீட்டிலும் நாலு பிள்ளைகள் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றித்தான் படிக்கிறார்கள். குறட்டை எடுத்தார்.

குறடு பட்டதும் — டக். ஆணி அவருடைய இடது கைப் பெருவிரல் அடியைக் கிழித்துக்கொண்டு வேலிக் கதியால் தடியில் போய் இறங்கியது. மற்றக் கையால் அடித் திருகைத் திறந்தார். கறள் தண்ணீர் கொட்டியது. பிறகு உஸ்ஸ்... என்று காற்று.

சீலை கிழித்துக் கட்டினேன். “விரல் மடங்குதோ அண்ணை?”

“பாப்பம் மாஸ்ரர். உளி பிடிக்கிற கையெல்லே.”

நரம்பு தப்பியது, மூன்று கிழமைக்கு உளி தொடக் கூடாது என்றார் டொக்டர். நாலு பிள்ளைகள், மூன்று கிழமை.

இந்தக் கருவி வைத்திருப்பவர்களே, எது சிக்கினாலும் முதலில் காற்றை விடுங்கள்; பிறகு கை வையுங்கள். காற்றையும் சேமிக்கப் பழகிவிட்ட ஊர் இது. அலுத்துவிட்டது எனக்கு.

ஒன்றை மட்டும் அண்ணையிடம் இன்னும் சொல்லவில்லை. உஸ்ஸென்று கேட்டபோது நான் முதலில் பார்த்தது அவர் கையை அல்ல — தொட்டியின் அழுத்தமானியில் இறங்கிக்கொண்டிருந்த முள்ளை.