பத்து வீட்டுக்கு இரண்டு கழிப்பறை

1. ஃபாரின் லிஸ்ட்

தொற்றுக் காலத்தில் ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்களை ஒப்பந்தத்தில் திரும்ப அழைத்தார்கள். குன்னூரில் மூன்று பேர் போனோம். மூவருக்கும் ஒரே ஜீப். அதிலும் ஒரு பக்கம் வைப்பர் கிடையாது.

எனக்குக் கிடைத்தது ஃபாரின் லிஸ்ட். வெளிநாட்டிலிருந்து வந்து நம் பகுதி முகவரி கொடுத்தவர்களின் பெயர்கள் காலையில் ஃபோனுக்கு வரும். இரண்டு டோஸ் ஊசிக்கும் சான்று இருந்தால் அவர் தன் பாட்டுக்குப் போகலாம். ஒன்றுக்கு மட்டும் இருந்தால் ஏழு நாள் ஹோம் குவாரன்டைன். அதற்கு வீட்டில் தனி அறையும் தனிக் கழிப்பறையும் உண்டா இல்லையா என்று நான் நேரில் பார்த்து எழுத வேண்டும். இல்லையென்றால், மூடிக் கிடந்த ஒரு பள்ளி விடுதியில் ஆளைக் கொண்டுபோய் வைப்போம்.

முதல் நாள் பார்த்தது ஒரு பங்களா. வெளிநாட்டுத் தம்பதி, கணவருக்கு ஒரு டோஸ்தான் ஆகியிருந்தது. படுக்கை அறை ஆறு, கழிப்பறை ஏழு. ஏழாவது எதற்கு என்று கேட்டேன். நாய்களைக் குளிப்பாட்ட என்றார் வாட்ச்மேன். உண்டு, உண்டு என்று எழுதினேன். அந்த மனிதர் ஏழு நாளும் புல்வெளியில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்தார்.

2. முத்தையா

அடுத்த வாரம் இலங்கையிலிருந்து ஒரே ஒரு பெயர். முத்தையா, எழுபதைத் தாண்டியவர், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. கொடுத்திருந்த முகவரி ஜெகதளாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் லைன் வீடு, தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. அவருடைய அக்கா வீடு. தாயகம் திரும்பியவர்களோடு அக்கா இங்கே வந்துவிட, தம்பி அங்கேயே தங்கிவிட்டவர். அக்காவுக்கு நுரையீரலில் நீர் கோத்து, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் கிளம்பி வந்திருந்தார்.

லைனுக்குக் கீழே வளைவில், தூறலில் அவரை நிறுத்தினேன். அக்கா மகன் செல்வம் குடை பிடித்திருந்தார். முத்தையா ஒரே ஒரு ஊசி அட்டையை நீட்டினார். இன்னொன்று எங்கே என்றேன்.

"ரெண்டு ஊசியும் போட்டாச்சுங்க ஐயா. ரெண்டாவது அட்டைய தோட்டத்து ஆபீஸ்ல குடுத்து வச்சிருக்கேன். நம்ம கையில இருந்தா தொலைஞ்சி போயிரும்ல."

"எங்களுதும் ஆபீஸ்லதானுங்க இருக்குது" என்றார் செல்வம், அதில் என்ன தவறு என்பதுபோல்.

தோட்டத்து ஆட்களிடம் தலைமுறையாக உள்ள பழக்கம் இது. பிறந்த சான்றிதழிலிருந்து பி.எஃப். காகிதம் வரை எல்லாம் ஆபீஸ் பீரோவில். ஒழுகும் கூரைக்குக் கீழே வேறு எங்கே வைப்பது? செல்வம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, சிக்னல் பிடித்து, மாமாவின் இலங்கைத் தோட்டத்து ஆபீஸுக்கு ஃபோன் போட்டார். கிளார்க் லீவில் இருந்தார். சாவி அவரிடம்.

நான் போய் வீட்டைப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு அடுப்படி. அந்த லைனில் பத்து வீடு. பத்துக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை; ஒன்றில் கதவுக்குப் பதில் சாக்கு. இன்னொரு முறை எண்ணினேன், கூடவா போகிறது. இல்லை, இல்லை என்று எழுதினேன்.

வாசல் வரைக்குமாவது விடலாமா என்று மருத்துவ அலுவலரை ஃபோனில் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர், என் மகனைவிடச் சின்னவர்.

"ஏனுங்க சார், அந்தம்மா இருக்கற நெலமைல இவரு போயி ஒட்ட வெச்சுட்டாருன்னா யாருங்க பொறுப்பு? எழுதிப்போட்டு விடுதிக்குக் கூட்டியாந்துருங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. லைன்காரர்களும் விடவில்லை. ஒருவருக்குத் தொற்று வந்தால் பத்து வீட்டையும் அடைப்பார்கள், பத்து வீட்டுக்கும் வேலை போகும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. யாரையும் குறை சொல்ல முடியாமல் ஒரு காரியம் இவ்வளவு கெட்டதாக நடந்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

ஜீப்பில் முத்தையா பையைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு சேலைகள். ஒன்று நீலம், ஒன்று அரக்கு.

"நீலம் அக்கா கட்டிக்கிறதுக்கு. இது பொறந்த வீட்டுக் கோடி. எது மொதல்ல வேண்டி வரும்னு தெரியல, ரெண்டையும் எடுத்தாந்துட்டேன்."

நீலத்தைச் செல்வத்திடம் கொடுத்து அனுப்பலாமே என்றேன். தன் கையால்தான் கொடுப்பேன் என்று பையை மூடிக்கொண்டார்.

3. கோடி

நான்காம் நாள் அந்த அம்மாள் இறந்துபோனார். பிறந்த வீட்டுக் கோடியை உடல் மேல் போடாமல் எடுப்பதில்லை என்று செல்வம் விடுதி கேட்டுக்கு வந்து நின்றார். தம்பியை அனுப்ப அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. சேலையை மட்டும் மருந்து தெளித்துக் கொடுக்கச் சொன்னார்கள். விடுதி ஊழியர் தரைக்குக் கலக்கி வைத்திருந்த பிளீச்சிங் கரைசலையே அடித்துவிட்டார். செல்வம் வாங்கும்போதே அரக்குச் சேலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து முத்தையா பார்த்தார்.

"பரவால்லடா மருமகனே, மடிச்சிப் போடு. நல்ல பக்கம் மேல வர்ற மாதிரி."

மறுநாள் அங்கே அடக்கம் முடிந்து, விடுதியில் நாங்கள் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, இலங்கைத் தோட்டத்து ஆபீஸிலிருந்து இரண்டாவது அட்டையின் படம் வந்து சேர்ந்தது. முத்திரை, தேதி, எல்லாம் சரி. மருத்துவ அலுவலருக்கு அனுப்பினேன்.

"ரெண்டும் இருக்குதுங்களே. அப்பறம் எதுக்கு சார் உள்ளயே வெச்சிருக்கீங்க? விட்டுருங்க."

முத்தையாவைக் கேட்டில் கொண்டுவந்து விட்டேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அட்டை இல்லாம வந்தது என் தப்புங்க ஐயா" என்றார். பிறகு பையைத் தொட்டுக்காட்டி, "இந்த நீலத்த என்னங்க ஐயா பண்றது?" என்று கேட்டார்.

இளம் ஆய்வாளர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கையில் ஒரு விதி வந்தால், அதை எழுதியவர் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதினார் என்று முதலில் பாருங்கள். இந்த விதியில் இருந்த வீட்டில் நாய்க்கும் ஒரு கழிப்பறை இருந்தது. லைன்களில் கழிப்பறைகளை எண்ணி, இது இங்கே செல்லாது என்று ஆள் வருவதற்கு முன்பே மேலே எழுதுங்கள். நான் பிறகுதான் எழுதினேன். பதில் இல்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது மறுபடி எண்ணினேன். பத்து வீடு, இரண்டு கழிப்பறை. சாக்கு மட்டும் புதிது.